இன்றிரவே ரீபூட்டா, தடைக்காலம் வரைக்குமா?

2024 ஏப்ரல் முதல் வாரம். வியாசர்பாடியில் நான் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் சென்டரில் லினக்ஸ் படிக்கும் பையன் ஒருவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, “ணா, இது நம்ம சர்வர்ல ஓடுமா?” என்று கேட்டான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லாமல் முதலில் கேட்டானே, அதுவே பெரிய விஷயம். அவன் காட்டியது சிவிஇ-2024-1086 என்று எண் போட்ட லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓட்டைக்கு, மார்ச் கடைசியில் பொதுவில் வந்திருந்த எக்ஸ்ப்ளாய்ட், அதாவது அந்த ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்கும் புரோகிராம். சர்வருக்குள் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதை ஓட்டி ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர், ஆகிவிடலாம்.

ஓட்டை எங்கே என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் பாக்கெட்டுகளை வடிகட்ட லினக்ஸ் கர்னலுக்குள் நெட்ஃபில்டர் என்ற பகுதி இருக்கிறது. அதில் என்எஃப் டேபிள்ஸ் என்பது விதிகளை வைத்திருக்கும் இடம். ‘இந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடு’ என்ற தீர்ப்போடு வரும் எண்ணைச் சரியாகச் சோதிக்காமல் விட்டதால், ஒருமுறை விடுவித்த நினைவகத்தையே கர்னல் இரண்டாம் முறையும் விடுவிக்கும். காலி செய்து சாவி கொடுத்த வீட்டுக்குள் பழைய குடித்தனக்காரர் இன்னொரு சாவியோடு நுழைவது போல. 2014-ல் வந்த 3.15 கர்னலிலிருந்தே இந்தக் குறை இருந்தது. பொதுவில் வந்த எக்ஸ்ப்ளாய்ட் வேலை செய்தது 5.14 முதல் 6.6 வரை. இந்த வித்தியாசம் பின்னால் காசிமேட்டுக் கதையில் வரும்.

திருத்தம் ஜனவரியிலேயே எழுதியாகிவிட்டது. லினக்ஸ் வகைகளான டெபியனும் உபுண்டுவும் எக்ஸ்ப்ளாய்ட் வருவதற்கு முன்பே அந்தத் திருத்தத்தைப் பேட்சாகக் கொடுத்துவிட்டன. பிறகு எனக்கு என்ன கவலை? கவலை இதுதான்: உபுண்டுவில் தானாக அப்டேட் போடும் வசதி புதிய கர்னலைக் கொண்டுவந்து டிஸ்கில் வைத்துவிடும். ஆனால் ரீபூட் செய்யாது. நாமாகச் சொல்லி வைத்தால் ஒழிய, ‘ரீபூட் தேவை’ என்று ஒரு கோப்பை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். பட்டியலில் பார்த்தால் புதிய கர்னல் இருக்கிறது, ஓடிக்கொண்டிருப்பதோ பழையது. பேட்ச் போடாத மெஷினைவிட இந்த நிலைமை மோசம் என்பேன், ஏனென்றால் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள்.

அந்த வாரம் என் வாட்ஸ்அப்பில் முதலாளிகள் அனுப்பிய செய்திகள் எல்லாம் வேறொன்றைப் பற்றி. மார்ச் 29, பெரிய வெள்ளியன்று, எக்ஸ்ஸெட் என்ற சுருக்கும் மென்பொருளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது வெளியே வந்தது. பெரிய கதை, சந்தேகமில்லை. ஆனால் நிலையான பதிப்புகளுக்கு அது வந்து சேரவே இல்லை, எங்கள் மெஷின் எதிலும் அது கிடையாது. தலைப்புச் செய்தியில் இருந்தது எங்களிடம் இல்லை, எங்களிடம் இருந்தது தலைப்புச் செய்தியில் இல்லை.

என் பொறுப்பில் இருந்தவை ஐந்து இடங்கள். வியாசர்பாடி சென்டர், தம்பு செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ், எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனி, தண்டையார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். கடைசியில் சொன்னது விண்டோஸ். அதை இறுதியில் பார்ப்போம். மற்ற நான்குக்கும் முன்னால் இருந்த வழிகளும் நான்கு: உடனே ரீபூட், ஓடும்போதே லைவ்பேட்ச், தற்காலிகத் தடுப்பு, காத்திருப்பது. ஓட்டையின் தீவிரத்துக்குக் கொடுத்த மதிப்பெண் எல்லாருக்கும் ஒன்றுதான், 10-க்கு 7.8. 2022-ல் வந்த டர்ட்டி பைப் என்ற இன்னொரு லினக்ஸ் ஓட்டைக்கும் அதே 7.8. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கடைக்கு எப்போது போவது என்று முடிவெடுக்க முடியாது. நான் கேட்டுக்கொண்டவை இரண்டே கேள்விகள்: இந்த மெஷினில் யாரெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஒரு புரோகிராமை ஓட்ட முடியும்? இது எந்த நேரத்தில் படுத்தால் யாருக்கு வலிக்கும்?

முதலில் ரீபூட்

வியாசர்பாடிக்கு யோசிக்கவே இல்லை. முப்பது மாணவர்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்து உள்ளே வருகிறார்கள். புரோகிராம் ஓட்டுவதுதான் அவர்கள் பாடமே. ஐந்து மெஷின்களிலும் விலை குறைந்தது அது, பழைய டெஸ்க்டாப்பைச் சர்வராக மாற்றியது. ஆனாலும் முதல் இடம் அதற்குத்தான். அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் ரீபூட் செய்தேன், இரண்டு நிமிடத்தில் எழுந்தது. மறுநாள் அந்தப் பையனை உட்கார வைத்து, “இப்ப ஓட்டு” என்றேன். ஓடவில்லை. அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

தம்பு செட்டித் தெரு வேறு மாதிரி. அங்கே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள், யாரும் கட்டளை வரியில் கை வைப்பதில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஏற்றுவதற்கு யாரோ ஒரு கல்லூரி மாணவர் எழுதிக் கொடுத்த பக்கம் ஒன்று அதே சர்வரில் ஓடுகிறது. அது வெளியுலகைப் பார்த்த ஜன்னல். இந்த வகைக் கர்னல் ஓட்டை தனியாக வெளியிலிருந்து யாரையும் உள்ளே விடாது. உள்ளே ஒரு கால் வைத்தவரை வீட்டுக்கே சொந்தக்காரர் ஆக்கும். அந்தக் கால் வைக்கும் இடம் இப்படிப்பட்ட பக்கங்கள்தான்.

முதலாளிக்கு ரீபூட் என்ற சொல்லே பிடிக்காது. “ஓடுற வண்டிய எதுக்குப்பா நிறுத்தற? மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் ஒரு தடவகூட நிக்கல தெரியுமா” என்றார். அவர் சொன்னது உண்மை. டிசம்பரில் கரண்ட் வந்து எழுந்ததிலிருந்து 123 நாள். நான் அவருக்குச் சொன்னது: ஈபிக்காரர்கள் மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் அறிவித்துவிட்டுக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்துகிறார்கள், நாம் சண்டைக்கா போகிறோம்? சொல்லிவிட்டு நிறுத்துவதால் பொறுத்துக்கொள்கிறோம். நானும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தப் போகிறேன். சரி, ஞாயிற்றுக்கிழமை வா என்றார்.

ஏப்ரல் 7, ஞாயிறு மாலை நான்கு மணி. தெருவில் பாதி ஷட்டர்கள் இறங்கியிருந்தன, காளிகாம்பாள் கோயில் பக்கம் மட்டும் பூக்கடைக் கூட்டம். பேக்கப் எடுத்தேன், பூட் பகுதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன் (பழைய கர்னல்கள் சேர்ந்து அது நிரம்பிவிட்டால் புதியது பாதியில் நின்றுவிடும்), ரீபூட் கொடுத்தேன். என் லேப்டாப்பிலிருந்து ‘எழுந்துவிட்டாயா’ என்று கேட்கும் பிங் அனுப்பிக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம். நான்கு நிமிடம். பதில் இல்லை. முதலாளி டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் திரையைப் பார்க்கிறேன்.

மூலையில் கிடந்த பழைய மானிட்டரை இழுத்துவந்து மாட்டிப் பார்த்தால், ஏதோ ஒரு டிஸ்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, அது வராததால் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஜனவரியில் பேக்கப்புக்காக ஒரு யூஎஸ்பி டிஸ்கை மாட்டி, எழும்போது எந்தெந்த டிஸ்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கு ஒரு வரி எழுதினேன். அந்த டிஸ்கை யாரோ ஆடிட்டரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். ‘இது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேலே போ’ என்று சொல்லும் நோஃபெயில் என்ற ஒற்றைச் சொல்லை நான் எழுதாமல் விட்டிருந்தேன். சேர்த்தேன், எழுந்தது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

கர்னல் பேட்ச் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு என் வரியில். ‘பேட்ச் போட்டோம், மெஷின் படுத்துவிட்டது’ என்று நான் கேட்ட கதைகளில் பல இந்த ரகம்தான். நூறு நாள் ரீபூட் ஆகாத மெஷின் என்றால் நூறு நாள் மாற்றங்கள் சோதிக்கப்படாமல் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அது என்றாவது ஒரு நாள் வெளியே வரும். ஞாயிறு மாலை நான் பக்கத்தில் இருக்கும்போது வருவதா, செவ்வாய்க்கிழமை காலை கப்பல் வந்து கஸ்டம்ஸுக்குப் பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டிய நேரத்தில் கரண்ட் போய் வருவதா என்பதுதான் நமக்கு இருக்கும் தேர்வு.

உண்மையிலேயே புதிய கர்னல்தான் தகராறு என்றால் அதற்கும் வழி உண்டு. பழைய கர்னலை உபுண்டு உடனே அழித்துவிடாது. மெஷின் எழும்போது வரும் கிரப் திரையில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போனால் முந்தையதைத் தேர்ந்தெடுத்து எழுப்பலாம். கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் மாதிரி வெளியிலிருந்து கர்னலில் சேர்த்த மாட்யூல்கள் (கூடுதல் துண்டுகள்) உள்ள மெஷினில் மட்டும் இது அடிக்கடி தேவைப்படும். புதிய கர்னலுக்கு அந்த மாட்யூல் மறுபடி உருவாகியிருக்கிறதா என்று ரீபூட்டுக்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் லாரிக்கு ஒட்டு

லைவ்பேட்ச் என்றால் முதலாளிகளுக்குக் காது நிமிரும். நிறுத்தாமலே பேட்ச். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும் கண்டெய்னர் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுவது மாதிரி கேட்கும், ஆனால் நடக்கிற காரியம்தான். ஓட்டை உள்ள ஃபங்ஷன் என்ற நிரல் துண்டின் வாசலிலேயே ஒரு திருப்பம் வைத்து, வருகிற அழைப்பையெல்லாம் நினைவகத்தில் ஏற்றிய புதிய ஃபங்ஷனுக்கு அனுப்பிவிடுவார்கள். எம்ஐடியில் பிறந்த கேஸ்பிளைஸ் இதன் மூத்த பிள்ளை, அதை 2011-ல் ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. பிறகு லினக்ஸ் நிறுவனங்களான ரெட்ஹேட் கேபேட்ச் என்றும், சூசே கேகிராஃப்ட் என்றும் ஆளுக்கொன்று செய்தன. இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் 2015-ல் 4.0 கர்னலிலேயே சேர்ந்தது. உபுண்டுவில் ஐந்து மெஷின்கள் வரை இலவசமாகவே கிடைக்கிறது.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் அதையே போட்டுவிட வேண்டியதுதானே? எனக்கு அதில் இரண்டு தயக்கம். ஒன்று, ஒவ்வொரு ஓட்டைக்கும் லைவ்பேட்ச் வராது. ஃபங்ஷனை மாற்றுவது எளிது, ஃபங்ஷன்கள் பகிர்ந்துகொள்ளும் தரவின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தால் ஓடும்போது செய்வது கடினம். தீவிரமானவற்றுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள், சாதாரண பேட்ச் வெளிவரும் அதே நாளில் வரும் என்ற உறுதியும் இல்லை. இரண்டு, இது முதலாளிக்கு ‘இனிமேல் ரீபூட்டே வேண்டாம்’ என்று காதில் விழுகிறது. வேண்டும். லைவ்பேட்ச் தவணை வாங்கிக் கொடுக்கிறது, கடனை அடைப்பதில்லை. தம்பு செட்டித் தெரு எஃப்எஸ்டேப் வரி லைவ்பேட்ச் போட்டிருந்தால் இன்னும் ஆறு மாதம் ஒளிந்திருக்கும்.

சின்னத் தொல்லை ஒன்றும் உண்டு. லைவ்பேட்ச் போட்டாலும் கர்னல் பதிப்பு எண் பழையதாகவே காட்டும். எண்ணை மட்டும் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஸ்கேனர்கள் ‘ஓட்டை இருக்கிறது’ என்றே சொல்லும். ஆடிட்டரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். விண்டோஸ் சர்வர் 2025-லும் ஹாட்பேட்ச் என்று இதுபோல் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீபூட் அதற்கும் உண்டு.

இரவு பகலாக நிற்கவே கூடாத இடம், துணைக்கு இன்னொரு மெஷினும் இல்லை என்றால் லைவ்பேட்ச் எடுங்கள். துணைக்கு ஒன்று இருந்தால் வேலையை அங்கே மாற்றிவிட்டு இதை நிம்மதியாக ரீபூட் செய்யலாம், அதுதான் மேல்.

ரம்ஜான் கடையும் ஒற்றை வரியும்

எம்.சி. ரோட்டுக் கடைக்கு அந்த வாரம் போய் ரீபூட் என்று வாயைத் திறந்தால் என்னைத் துணி மூட்டையோடு கட்டி வெளியே போட்டிருப்பார்கள். ஏப்ரல் 11 ரம்ஜான், 14 தமிழ்ப் புத்தாண்டு. கடை ராத்திரி சாத்த நடுநிசி ஆகிறது, அப்புறம் ஸ்டாக் கணக்கு. பில்லிங் சர்வர் நின்றால் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும்.

அங்கே தற்காலிகத் தடுப்பு எடுத்தேன். இதில் திருகி அடைக்க இரண்டு குமிழ்கள் இருந்தன. என்எஃப் டேபிள்ஸ் மாட்யூலையே தடை செய்வது ஒன்று. பேச்சுக்கு நன்றாக இருக்கும், செய்தால் ஃபயர்வாலும் போகும், மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரின் நெட்வொர்க்கும் போகும். பில்லிங் ஓடுவதே டாக்கரில்தான், ஆகவே அது இல்லை. மற்றொன்று, சாதாரணப் பயனர் யூசர் நேம்ஸ்பேஸ் என்ற தனி உலகத்தை உருவாக்குவதை நிறுத்துவது. இந்த எக்ஸ்ப்ளாய்ட் முதலில் தனக்கென ஒரு நேம்ஸ்பேஸ் உண்டாக்கி, அதற்குள் தானே ராஜாவாகி, அங்கிருந்துதான் என்எஃப் டேபிள்ஸைத் தொடுகிறது. அந்த முதல் படியை எடுத்துவிட்டால் மேலே ஏற முடியாது. கர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் ஒரே வரி, ரீபூட் வேண்டாம், வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாமல் மத்தியானம் இரண்டரைக்குப் போட்டுவிட்டு வந்தேன். ரூட் இல்லாமல் கண்டெய்னர் ஓட்டுபவர்களுக்கு இது வேலையைக் கெடுக்கும். இந்தக் கடையின் டாக்கர் ரூட்டாக ஓடுவதால் ஒன்றும் ஆகவில்லை.

தடுப்பின் ஆபத்து மறதி. போட்ட நிம்மதியில் பேட்ச் நின்றுபோகும். அதனால் சர்வர் மேலேயே ஒரு ஸ்டிக்கரில் ‘19-ம் தேதி ரீபூட்’ என்று எழுதி ஒட்டினேன். ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு, ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. வருஷத்தில் எம்.சி. ரோட்டில் இப்படி ஒரு நாள் கிடைப்பது அபூர்வம். ஓட்டுப் போட்டுவிட்டு மை காய்வதற்குள் போய் ரீபூட் செய்தேன்.

அந்த ஒற்றை வரியை மட்டும் நான் திரும்ப எடுக்கவில்லை. சமீப ஆண்டுகளில் வந்த பல கர்னல் ஓட்டைகள் இதே நேம்ஸ்பேஸ் படியில் ஏறித்தான் வந்தன. உபுண்டுவே 24.04-லிருந்து இயல்பாக இதைக் கட்டுப்படுத்திவிட்டது. பில்லிங் சர்வருக்கு அந்த வசதியால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

ஆனால் எல்லா ஓட்டைக்கும் இப்படிக் குமிழ் கிடைக்காது. டர்ட்டி பைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ஸ் கெல்லர்மன் என்ற நிரலர், லாக் கோப்புகள் ஏன் கெட்டுப்போகின்றன என்று துருவிக்கொண்டே போய், படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பிலும் எவரும் எழுதலாம் என்ற உண்மையில் போய் முட்டினார். பைப் என்பது லினக்ஸின் அடிப்படைக் குழாய், அதை அடைத்துவைக்க முடியுமா? அன்று பேட்ச், ரீபூட் தவிர வேறு கதி இல்லை.

காத்திருந்த ஒரே இடம்

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் அம்மாவும் முதலாளியும் மட்டும்தான் அந்த மெஷினைத் தொடுவார்கள். வெளியே திறந்த கதவு எதுவும் இல்லை. ஓடுவது 5.4 கர்னல். ஓட்டை அதிலும் உண்டு, ஆனால் பொதுவில் வந்த எக்ஸ்ப்ளாய்ட் அதில் ஓடாது. கூடவே ஹார்ட் டிஸ்க் முனகிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் திரும்பச் சுற்றுமா என்றே எனக்குச் சந்தேகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். “இன்னும் பத்து நாள் பொறுப்பா, தடைக்காலம் வந்துட்டா நீ என்ன வேணா பண்ணிக்கோ” என்றார் முதலாளி. ஒத்துக்கொண்டேன். இடையில் டிஸ்கை மட்டும் நகலெடுத்து வைத்தேன். தடை தொடங்கிய வாரம் புதிய டிஸ்க், புதிய கர்னல் இரண்டும் ஒன்றாக ஏறின.

இன்னொன்று, இரவு 2 மணிக்கு ரீபூட் செய் என்று பாடம் சொல்வார்கள். காசிமேட்டில் இரவு 2 மணிக்குத்தான் வியாபாரமே சூடு பிடிக்கும். அங்கே மத்தியானம்தான் நடுநிசி.

காத்திருப்பதை ஒரு வழியாகச் சொல்லும்போது எனக்கு 2017 ஞாபகம் வரும். விண்டோஸ் கர்னலில் கோப்புப் பகிர்வு டிரைவரில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்று பேட்ச் கொடுத்தது. அதே ஓட்டை வழியாக வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது மே 12. நடுவில் 59 நாள் இருந்தது. அதற்கு நேர் எதிரான பாடம் 2024 ஜூலை 19: கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் கர்னல் டிரைவர் படிக்கும் ஒரு கோப்பு உலகம் முழுக்க ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்து, 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் விழுந்தன. ஏப்ரலில் நான் ஒரே ஓட்டைக்கு நான்கு இடங்களுக்கு நான்கு தேதி வைத்ததில் பாதி வசதிக்காக, பாதி இப்படி எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடக் கூடாது என்பதற்காக. முதலில் ஒன்று எழுந்து நடக்கட்டும், அப்புறம் அடுத்தது. காத்திருப்புக்கு நான் வைக்கும் நிபந்தனை, காலண்டரில் தேதி இருக்க வேண்டும். ‘பாத்துக்கலாம்’ என்பது தேதி இல்லை. அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை இந்த ஓட்டையை, நிஜத் தாக்குதலில் பயன்படுவதாகச் சொல்லித் தன் பட்டியலில் சேர்த்தது மே 30 அன்று. அதற்குள் எங்கள் நான்கும் முடிந்திருந்தன.

தண்டையார்பேட்டை

மீதி இருப்பது அந்தப் பரிசோதனைக் கூடம். ரத்தம் பரிசோதிக்கும் மெஷினோடு வந்த விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். எதையாவது அப்டேட் செய்தால் வாரண்டி கிடையாது என்று மெஷின் விற்றவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10-க்குத் தனியாக நீட்டித்துக்கொண்டால்தான் பேட்ச். அதாவது மேலே சொன்ன நான்கு வழிகளில் மூன்று இங்கே கிடையவே கிடையாது.

அதனால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை மாற்றினேன். அதற்கு இன்டர்நெட்டைப் பிடுங்கியாயிற்று. சுவிட்சில் தனிப் பிரிவாக ஒதுக்கி, ரிசல்ட் எழுதும் ஒரே ஃபோல்டருக்கு மட்டும் வழி விட்டிருக்கிறேன். பென்டிரைவ் போடும் துளைகளை அமைப்பிலேயே அணைத்து, மேலே டேப்பும் ஒட்டினேன். டேப்பை இரண்டு முறை யாரோ பிய்த்துவிட்டார்கள். டாக்டரம்மாவிடம் புதிய கம்ப்யூட்டருக்கும் மெஷின்காரர்களின் மென்பொருள் மேம்படுத்தலுக்கும் சேர்த்துப் போன வாரம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.